சுவர் அப்பா

சித்தப்பா என் தந்தைக்கு ஆறு வயது இளையவர். உடன்பிறந்த மூவரில் கடைசி. பத்தாம் வகுப்பு வரை படித்தார். பத்தொன்பதாவது வயதில் ஒரு திரையரங்கில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் சேர்ந்தார். அந்த அரங்கு மூடப்பட்டுச் சிமெண்டுக் கிடங்காக மாறியபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. அதன்பின் திரைப்படங்களில் துணை நடிகராக இருந்தார். முப்பதாவது வயதில் திருமணம்; ஒரே மகள். சித்தி மருந்துக்கடையில் பில் போடும் வேலை பார்த்தார். சித்தப்பா நடுத்தர உயரம், மாநிறம்; இடது புருவத்துக்கு மேல் ஒரு சிறு தழும்பு உண்டு. இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாதவை. மற்றவற்றைச் சித்தப்பாவும் சித்தியும் சொல்லக் கேட்டும், சில இடங்களில் உடனிருந்து பார்த்தும் எங்கள் குடும்ப வரலாற்றுக்காக எழுதியிருக்கிறேன். இருவர் சொன்னதும் முரண்பட்ட இடங்களில் சித்தி சொன்னதையே ஏற்றுக்கொண்டேன். சித்தப்பா எதையும் இரண்டாம் முறை சொல்லும்போது கொஞ்சம் நன்றாகச் சொல்லிவிடுவார்.

துணை நடிகர் என்பது வெளியே சொல்லிக்கொள்ளும் சொல். படப்பிடிப்புத் தளத்தில் அவர்களுக்குப் பெயர் 'கூட்டம்'. கூட்டத்தைச் சாப்பிட அனுப்பு, கூட்டத்தை வெயிலிலிருந்து நகர்த்து என்பார்கள். விடியற்காலையில் ஏஜெண்ட் ஒருவர் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். இருட்டிய பிறகு அதே வேனில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். சித்தப்பாவின் முகம் கண்ணியமான முகம். ஆகவே நீதிமன்றக் காட்சிகளில் மூன்றாவது பெஞ்சிலும், திருமணக் காட்சிகளில் பெண் வீட்டார் பக்கத்திலும், விமான நிலையக் காட்சிகளில் கையில் பெட்டியுடனும் நிற்பார். "கடன் குடுக்கிறவன் மூஞ்சி, கடன் வாங்குறவன் பர்சு" என்று சித்தி சொல்வது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அவருடைய ஆசை பெரிதல்ல. கதாநாயகனாக வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "நான் ஒண்ணு பேசணும். எதிர்ல நிக்கிறவன் அதைக் காதுல வாங்கிட்டுப் பதில் சொல்லணும். அப்படி ஒரே ஒரு சீன். போதும்" என்பார். இருபது ஆண்டுகளில் இரண்டு முறை அவருக்குப் பேச்சு கிடைத்தது. ஒன்று படத்தொகுப்பில் போய்விட்டது. மற்றொன்று வெளிவந்தது, ஆனால் வேறொருவர் குரலில். அந்தப் படத்தைக் குடும்பத்தோடு பார்க்கப் போனோம். திரையில் சித்தப்பா வாயைத் திறந்ததும் கணீரென்று யாரோ பேசினார். சித்தி சிரித்துச் சிரித்துப் புரையேறி வெளியே போய்விட்டார்.

அவருக்கு ஐம்பது வயதானபோது சினிமாவில் கூட்டத்தின் தேவையே குறையத் தொடங்கியிருந்தது. இருபது பேரை நிறுத்திக் கணினியில் இருநூறு பேராக்கிவிட்டார்கள். ஏஜெண்டின் வேன் வாரத்துக்கு ஒருமுறை வந்தது. பிறகு மாதத்துக்கு ஒருமுறை. அப்படியொரு மாதத்தில்தான் ஏஜெண்ட் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, ஒரு மூஞ்சி வேணும். புது சீரியல். வீட்டு ஹால்ல செத்துப்போன அப்பா படம். நடிப்பெல்லாம் வேணாம். வந்து உக்காருங்க, படம் எடுப்பாங்க, கிளம்பிடலாம். ஒருநாள் பேட்டா."

சித்தப்பா போனார். கம்பெனியின் கோட்டு அவருக்குத் தொளதொளவென்று இருந்ததால் முதுகுப் பக்கம் துணிக்கிளிப்புகளால் இறுக்கினார்கள். புகைப்படக்காரர் விளக்கைச் சரிசெய்துகொண்டிருக்கையில் சீரியலின் வசனகர்த்தா அங்கே வந்தார். முப்பது வயதுகூட இராது; கைப்பேசியில் வசனம் தட்டிக்கொண்டே நடப்பவர்.

"கண்ணுல லேசா ஒரு வருத்தம் இருக்கட்டும் அண்ணே. சாகப்போறது தெரிஞ்ச மாதிரியும் இருக்கணும், தெரியாத மாதிரியும் இருக்கணும்."

"எதுல செத்தேன் தம்பி?"

"அதை இன்னும் முடிவு பண்ணலை. டிஆர்பி எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டுச் சொல்றோம்."

"இயற்கையா, இல்ல யாராவது...?"

"அண்ணே, அதெல்லாம் இருநூறு எபிசோடுக்கு அப்புறம். கண்டிப்பா ஒரு ஃபிளாஷ்பேக் வரும். அப்ப உங்களுக்கு நாலு நாள் வேலை. நல்ல வசனம் இருக்கு. அதுவரைக்கும் இந்த மூஞ்சியை மட்டும் அப்படியே வச்சுக்கோங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை அந்த இளைஞர் ஒருவேளை எல்லோரிடமும் சொல்லும் வழக்கமுள்ளவராக இருக்கலாம். சித்தப்பா அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டார். உண்மையான ஒப்பந்தம் ஒரு வவுச்சர். பேட்டாவை எண்ணி வாங்கிக்கொண்டு, அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாராமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

தினசரி சீரியல் தயாராகும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருநாளில் ஓர் எபிசோடுக்கும் சற்றுக் கூடுதலாக எடுத்து முடிக்க வேண்டும். இல்லையென்றால் தயாரிப்பாளருக்கு நட்டம். நடிகர்களோ ஒரே சமயத்தில் மூன்று சீரியல்களில் நடிப்பவர்கள். மகன் வந்த நாளில் மருமகள் வரமாட்டார், மருமகள் வந்த நாளில் மாமியாருக்கு வேறு செட்டில் வேலை. எதிரே பேச ஆளில்லாமல் ஒருவர் மட்டும் மேக்கப்போடு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? சுவரில் அப்பா இருக்கிறார். அவரைப் பார்த்துப் பேசச் சொல்வார்கள். "என்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று தொடங்கினால் ஐந்து நிமிடம் தாங்கும். யாருக்காவது விபத்து நேர வேண்டுமென்றால் மின்விசிறிக் காற்றில் படம் ஆடும். பெரிய விபத்தென்றால் கீழே விழுந்து கண்ணாடி உடையும். அதற்காகக் கண்ணாடிகள் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருந்தார்கள். இந்த முறையினால், வாய் திறவாத சித்தப்பா அந்தச் சீரியலில் வேறு எந்த நடிகரைக் காட்டிலும் அதிக நேரம் தெரிந்தார்.

சீரியல் ஓடியது. மாலை ஏழரை மணிக்கு எங்கள் தெருவில் எந்த வீட்டு ஜன்னலைக் கடந்தாலும் உள்ளே சித்தப்பா சுவரில் இருந்தார். அவருக்குப் பெயரும் வந்தது: சுவர் அப்பா. காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத பெண்கள் வழிமறித்தார்கள்.

"நீங்க மட்டும் இருந்திருந்தா உங்க பெரிய பையன் இப்படிப் பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுவானா, சொல்லுங்க?"

"நான் என்னம்மா செய்யட்டும்? என் கையில என்ன இருக்கு?" என்பார் சித்தப்பா, உண்மையிலேயே வருத்தத்தோடு.

மருந்துக்கடைக்கு வந்த ஓர் அம்மாள் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரா உங்க வீட்டுக்காரர்? பாவம், எப்பம்மா தவறினாரு?" என்று கேட்டிருக்கிறார். சித்தி வீட்டுக்கு வந்து சொன்னது இது: "நாள் பூரா நின்னு நின்னு எனக்குக் கால் வீங்குது. எவளோ ஒருத்தி மேக்கப் போட்டுக்கிட்டு இவருக்காக அழுது சம்பளம் வாங்குறா. அந்த அழுகையை என்கிட்ட விட்டிருந்தா ஓசியிலேயே அழுதிருப்பேன்."

இந்தப் புகழால் அவருக்கு வந்த வரவு ஒன்றுமில்லை. இருந்த வரவும் போனது. ஏஜெண்ட் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். சித்தப்பாவே போய்க் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. தினமும் ஏழரைக்கு நீங்க செத்த மனுஷன். எட்டு மணிக்கு வேற சேனல்ல உங்களை டாக்டரா நிறுத்தினா ஜனங்க சேனலை மாத்திடுவாங்க. போன வாரம்கூட ஒரு டைரக்டர்கிட்ட உங்க படத்தைக் காட்டினேன். 'ஐயோ, இவரா? அபசகுனம்யா'ன்னுட்டாரு."

ஆகவே சித்தப்பா சீரியல் அலுவலகத்துக்குப் போனார். படத்தைத் தினமும் காட்டுகிறார்களே, தினமும் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு ஒருநாள் பேட்டாவாவது தரலாகாதா என்பது அவர் கேள்வி. புரொடக்‌ஷன் மேனேஜர் உட்காரச் சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"அண்ணே, செட்ல சோபா இருக்கு, கடிகாரம் இருக்கு. அதுங்க எல்லாம் வந்து சம்பளம் கேக்குதா?"

சித்தப்பா டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் அரங்கப் பொருள்களை வாடகைக்கு விடும் கடைக்காரர் வண்டியில் நாற்காலி ஏற்றிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் அவர் சொல்லித்தான் தெரிந்தது: சோபாவுக்கும் கடிகாரத்துக்கும் நாள் வாடகை உண்டு. சித்தப்பாவின் படத்தைச் சுற்றியிருந்த மரச்சட்டத்துக்கும் உண்டு. உள்ளே இருந்த முகத்துக்குத்தான் இல்லை.

அதே காலத்தில் இரண்டாவது மகனாக நடித்தவர் சம்பள உயர்வு கேட்டார். அந்த வாரமே அவருடைய கார் பள்ளத்தில் உருண்டது. மறுநாள் சித்தப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் தொங்கியது. அதன்பின் செட்டில் யாராவது முணுமுணுத்தால் மேனேஜர் சுத்தியலைக் கொண்டுவரச் சொல்வாராம். "அண்ணன் பக்கத்துல இன்னொரு ஆணிக்கு இடம் இருக்கு" என்பாராம். இதைச் சித்தப்பா எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தாம் தொங்கும் சுவரைக் காட்டி மற்றவர்களை மிரட்டுகிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்ததாக நினைக்கிறேன்.

இருநூறு எபிசோடு தாண்டியும் வராத ஃபிளாஷ்பேக்கைத்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். பேட்டா போனால் போகட்டும். அந்த நான்கு நாள் வரும், அதில் பேச்சு இருக்கும். அதற்காக முகத்தைக் காத்தார். காத்தார் என்ற சொல்லை அளந்தே எழுதுகிறேன். ஞாயிறு தவறாமல் மீசைக்கும் தலைக்கும் சாயம். படத்தில் இருக்கும் மீசையின் அகலத்தைத் தீக்குச்சியால் அளந்து வைத்துக்கொண்டு அதன்படியே கத்தரிப்பார். இனிப்பைத் தொடமாட்டார், கன்னம் உப்பிவிடும். பட்டினியும் கிடக்கமாட்டார், கன்னம் ஒட்டிவிடும். ஒரு காட்சியில் இருப்பது அடுத்த காட்சியிலும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதை அந்தத் தொழிலில் கன்டினியூட்டி என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சித்தி வசைச்சொல்லாகவே பயன்படுத்தினார்.

ஐம்பத்தைந்தாவது வயதில் அவருக்குக் கடைவாய்ப் பற்கள் விழுந்தன. ஒரு பக்கம் கன்னம் குழிந்தது. பல் கட்டியே ஆக வேண்டும் என்று நின்றார்.

"மெல்றதுக்கா, மினுக்குறதுக்கா?" என்றார் சித்தி.

"கன்டினியூட்டிக்கு."

"உங்க கன்டினியூட்டியில தீ வைக்க. இந்த வளையலை வச்சுத்தான் நம்ம பொண்ணுக்குப் பீஸ் கட்டினேன், மறந்துடுச்சா? மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் மீட்டிருக்கேன்."

"ஃபிளாஷ்பேக் முடிஞ்சதும் மீட்டுடலாம்டி."

வளையல் மீண்டும் அடகுக்குப் போனது. பற்கள் வந்தன.

இதற்குள் மகளுக்குத் திருமணம் முடிந்திருந்தது. மருமகன் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்பு அலுவலகத்தில் இருந்தார். நல்ல மனிதர். வரவேற்பறையில் உட்கார்ந்து வருவோர் போவோரைப் பதிவுசெய்யும் வேலை ஒன்று காலியானபோது மாமனாருக்காகச் சொல்லி வைத்தார். மாதச் சம்பளம், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. சித்தி மருந்துக்கடையை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டார். நான் அன்று அங்கிருந்தேன்.

"வேண்டாம் மாப்பிள்ளை. சீருடை போட்டுக்கிட்டு நான் அங்க உக்காந்தா என்ன ஆகும்? செத்த மனுஷன் லிஃப்ட் எங்க இருக்குன்னு வழி சொல்றான்னு ஜனங்க சிரிக்கும். சீரியலுக்குக் கெட்ட பேரு."

"சீரியலுக்கா மாமா? அவங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க?"

"செய்வாங்க. திடீர்னு கூப்பிட்டா நாலு நாள் லீவு கேக்க முடியுமா? சேர்ந்த கையோட லீவு கேட்டா உங்களுக்குத்தானே தலைகுனிவு?"

சித்தி வீங்கிய காலைச் சுவரோரம் நீட்டிக்கொண்டு, அன்று போட வேண்டிய ஆயின்மெண்டை வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்தார். அந்த வேலைக்கு மறுநாளே வேறொருவர் வந்துவிட்டார்.

பத்தாம் ஆண்டில் அழைப்பு வந்தது. வேறு சேனலில் ஏழரை மணிக்குப் பாட்டுப் போட்டி தொடங்கி, சீரியலின் டிஆர்பி சரிந்திருந்தது. தூக்கி நிறுத்த ஃபிளாஷ்பேக் வைக்கிறார்கள். மேக்கப் பிரிவிலிருந்து பேசினார்கள்: காலையிலேயே வந்துவிட வேண்டும், மீசையில் கை வைக்கக் கூடாது. சித்தப்பாவுக்கு அப்போது வயது அறுபது. துணைக்கு என்னையும் அழைத்தார். போகும் வழியெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டே வந்தார். "என்ன வசனம்னு தெரியாது. இருந்தாலும் குரல் தயாரா இருக்கணும் பாரு" என்றார்.

மேக்கப் அறையில் கண்ணாடி முன் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சியிலிருந்து சினிமாவுக்குப் போய்ப் பெயர் வாங்கியவர். முகம் எல்லோருக்கும் தெரியும். சித்தப்பாவை அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேக்கப்காரர் தூரிகையோடு வந்தார். சித்தப்பா கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார். தூரிகை அவர்மேல் படவில்லை. மேக்கப்காரர் அவருடைய இடது புருவத்தை விரலால் அளந்து பார்த்துவிட்டுத் திரும்பி, அந்த இளைஞரின் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பை வரையத் தொடங்கினார்.

"அண்ணே, லைட் பக்கம் கொஞ்சம் திரும்புங்க. ஓரத்துல லேசா வளையுதே, அது சரியா தெரியலை."

சித்தப்பா விளக்கின் பக்கம் திரும்பினார். வேலை முடியும்வரை அசையாமல் இருந்தார். இளைஞர் மரியாதைக்காரர், "உங்களுக்கு இது எப்படி வந்துச்சு சார்?" என்று விசாரித்தார். "சைக்கிள்ல இருந்து விழுந்தேன்" என்றார் சித்தப்பா. "எனக்கு இது வீரத் தழும்புன்னு சீன்ல வச்சிருக்காங்க" என்று இளைஞர் சிரித்தார்.

வசனகர்த்தா அறைக்குள் வந்தபோது சித்தப்பா எழுந்து நின்றார். அந்த மனிதருக்கும் இப்போது முன்தலையில் முடியில்லை.

"தம்பி, ஃபிளாஷ்பேக்ல நான்னுதானே சொன்னீங்க."

"அண்ணே... கதையைக் கேளுங்க. பசங்களுக்கு அஞ்சு வயசு, மூணு வயசு. அம்மாவுக்கு இருபத்தஞ்சு. அப்ப அப்பாவுக்கு முப்பதுதானே இருக்கும்? நீங்க அந்தப் படத்துல இருக்கிற மாதிரியே இருக்கீங்களே."

"மூஞ்சியை அப்படியே வச்சுக்கச் சொன்னது நீங்கதானே?"

"சொன்னேன்." வசனகர்த்தா கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தி அன்று முதல்முறையாக அவரை முழுதாகப் பார்த்தார். "நிஜமாவே வச்சுப்பீங்கன்னு நினைக்கலை."

ஃபிளாஷ்பேக் என்றால் கதை பின்னோக்கிப் போகும், பின்னோக்கிப் போனால் அப்பா இளைஞராக இருப்பார். நாள்தோறும் ஏழரை மணிக்குக் கதை பார்த்த எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை. சித்தப்பா பத்தாண்டு பாடுபட்டு, யாருக்கும் தேவைப்படாத ஒரு வயதைக் காப்பாற்றி வைத்திருந்தார்.

போக்குவரத்துச் செலவு கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது அவர் செருமவில்லை.

இளைஞர் நடித்த நான்கு நாட்கள் நாற்பது எபிசோடுகளாக இழுக்கப்பட்டன. டிஆர்பி ஏறியது, ஓராண்டு கழித்துச் சீரியல் மங்களமாக முடிந்தது. அத்தோடு அது போய்த் தொலைந்திருந்தால் சித்தப்பாவுக்கு அந்தச் சுவராவது மிஞ்சியிருக்கும். ஓடிடி நிறுவனம் ஒன்று அந்தச் சீரியலை மொத்தமாக விலைக்கு வாங்கியது. ஓடிடியில் யாரும் தினமும் ஏழரை மணிக்குக் காத்திருப்பதில்லை; ஒரே மூச்சில் பத்து எபிசோடு பார்ப்பார்கள், இழுவையாக இருந்தால் தாண்டிப் போய்விடுவார்கள். ஆகவே இழுவையை வெட்டி, எட்டு சீசனாகச் சுருக்கி, புதிதாகப் போஸ்டர் போட்டு வெளியிட்டார்கள். போஸ்டரின் நடுவில் அந்த இளைஞர்.

மகள் வீட்டில் பெரிய தொலைக்காட்சி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் எல்லோரும் கூடினோம். சித்தப்பா அன்றும் சாயம் பூசிக்கொண்டுதான் வந்திருந்தார். மருமகன் முதல் எபிசோடைப் போட்டார். சீரியல் அம்மா அழுதுகொண்டே கூடத்துக்கு வருகிறார். கேமரா சுவருக்குப் போகிறது. அதே மரச்சட்டம், அதே கோட்டு. கோட்டுக்கு மேலே வேறு முகம். இளைஞரின் முகத்தைக் கணினியில் ஐம்பது வயதாக்கி ஒட்டியிருந்தார்கள். கன்னத்தில் மடிப்பு, நரை கலந்த மீசை எல்லாம் கச்சிதம்.

மருமகன் அவசரமாக அடுத்த எபிசோடுக்குப் போனார். அங்கும் அதுதான். மூன்றாவது சீசன், ஆறாவது சீசன்; படம் ஆடியது, விழுந்தது, உடைந்தது. எல்லாவற்றிலும் அந்த முகமே. சுவரைப் பார்த்துப் பேசும் நீண்ட காட்சிகளில் பெரும்பாலானவை இழுவையென்று வெட்டப்பட்டிருந்தன.

சித்தப்பா எழுந்து திரைக்கு மிக அருகில் போய் நின்றார். "தழும்பு மட்டும் என்னுது" என்றார்.

"வந்து உக்காருங்க. செத்தது வேற எவனோன்னு ஆயிடுச்சு. இப்பவாவது பொழைச்சோம்னு நினைச்சுக்கோங்க" என்றார் சித்தி. யாரும் சிரிக்கவில்லை. சித்தியும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மகள்தான் விடாமல் வசனகர்த்தாவின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள். "எங்க அப்பா மூஞ்சியை எடுக்க நீங்க யாருங்க?" என்று அவள் கத்தியது சமையலறை வரை கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலை எங்களிடம் அப்படியே சொன்னாள்: பார்ப்பவர்கள் குழம்பக் கூடாது, போஸ்டரில் இருப்பவர்தான் சுவரிலும் இருக்க வேண்டும், அது ஓடிடிக்காரர்களின் முடிவு. வவுச்சரில் அப்பா எல்லா உரிமையும் கொடுத்திருக்கிறார். வைத்துக்கொள்வதும் அதில் அடக்கம், எடுத்துவிடுவதும் அடக்கம். "அப்பாவை நான் ரொம்ப விசாரிச்சதா சொல்லுங்க" என்றும் சொன்னாராம்.

சித்தப்பா சாயம் பூசுவதை அன்றோடு விட்டார். ஒரே மாதத்தில் தலை முழுதும் வெளுத்தது. காய்கறிக் கடையில் இப்போது யாரும் அவரை நிறுத்துவதில்லை. தடை நீங்கிவிட்டது, இனி வேறு வேடம் கிடைக்கும் என்று மருமகன் சொல்ல, ஏஜெண்டைப் போய்ப் பார்த்தார். ஏஜெண்ட் இப்போது வேன் வைத்திருக்கவில்லை. ஓடிடிக்காரர்கள் கைப்பேசியில் நடித்து அனுப்பச் சொல்கிறார்கள் என்றும், இணையத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று கேட்கிறார்கள் என்றும் சொன்னாராம். "என் பின்னாடி என் பொண்டாட்டிகூட வர்றதில்லையே" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா வந்துவிட்டார்.

சித்தி இன்னும் மருந்துக்கடையில் நிற்கிறார். நாற்காலி கேட்டாராம்; நின்றுகொண்டு பில் போட்டால்தான் வரிசை நகரும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

குடும்ப வரலாற்றில் சித்தப்பாவின் பக்கத்தை நிறைவுசெய்ய அவர் வீட்டுக்குப் போனேன். பிறந்த நாள், திருமண நாள், மகள் பிறந்த நாள் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். எஞ்சியது ஒன்று.

"தொழில்னு என்ன போடட்டும் சித்தப்பா?"

"வெட்டின்னு போடு" என்றார் சித்தி உள்ளேயிருந்து. "தப்பே இருக்காது."

"நடிகர்னு போடு" என்றார் சித்தப்பா.

"ஒரு வார்த்தை பேசி நடிச்சிருப்பாரா, கேளு அவரை."

"எத்தனை வருஷம்னு எழுதணும் சித்தப்பா. எதிலிருந்து எதுவரை கணக்கு வச்சுக்கலாம்? கூட்டத்துல நின்ன இருபது வருஷத்தையும் சேர்க்கட்டுமா?"

"அதைச் சேர்க்காதே. அது நின்னது." வெளுத்த மீசையைத் தடவிக்கொண்டார். "ஐம்பதுல இருந்து அறுபது வரைக்கும் ஒரே ஆளா இருந்தேன்ல, நானா இல்லாம? அதைப் போடு."

சித்தி உள்ளேயிருந்து மறுப்புச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

தொழில்: நடிகர். பத்து ஆண்டுகள்.